படி அளக்கிறவன்

மத்தேயு 25ஆம் அதிகாரத்தைக் கொழும்பில் உட்கார்ந்து வாசிப்பதும் யட்டவத்தயில் உட்கார்ந்து வாசிப்பதும் ஒன்றாக இருக்க முடியாது. தூரதேசம் போகிற எஜமான் தன் சொத்தை வேலைக்காரர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். வெகுகாலம் கழித்து வந்து கணக்குக் கேட்கிறான். கொழும்பில் இது உவமை. மாத்தளை நகருக்கு மேற்கே, சிங்களக் கிராமங்களுக்கு இடையில் கொக்கோவும் றப்பரும் மிளகும் கலந்து நிற்கிற இந்தச் சரிவுகளில் இது நிர்வாக முறை. நூறு வருடத்துக்கும் மேலாகத் தோட்டம் இப்படித்தான் நடந்தது. முதலாளி இலண்டனில். அவர் சார்பில் கொழும்பில் ஒரு ஏஜென்சி. தோட்டத்தில் துரை. துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி. எல்லாருக்கும் கீழே, விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் வந்து நிற்கிற ஆள். கதையில் வருகிற அத்தனை பாத்திரமும் இங்கே சம்பளப் பட்டியலில் இருந்தது.

இந்தக் கதையைக் கண்டி, மாத்தளைப் பக்கத்து லயங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் திருநெல்வேலி உபதேசிமார். 1850களின் நடுவில் சி.எம்.எஸ். மிஷனரி சங்கம் தோட்டத் தமிழருக்கென்று தனி ஊழியம் ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தமிழ்க் கூலி மிஷன் என்று பெயர் வைத்தது. பெயர் இன்று காதைச் சுடுகிறது. ஆனால் கவனிக்க வேண்டியது பெயரை அல்ல, பணம் வந்த வழியை. அந்த ஊழியத்துக்குச் சந்தா கொடுத்துத் தாங்கியவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். பகலில் ஆளை வேலை வாங்குகிறவரின் காசில் சம்பளம் பெறுகிற உபதேசியார், சாயங்காலம் அதே ஆளின் காம்பரா வாசலில் நின்று எஜமானையும் வேலைக்காரரையும் பற்றிக் கதை சொல்ல வேண்டும். அவர் நின்ற இடம் சங்கடமான இடம்தான்.

கேட்டவர்கள் யார்? இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைவரை நடந்து வந்தவர்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் கணக்குப் புத்தகம் உண்டு. அந்தப் புத்தகமும் கடனோடுதான் தொடங்கும்: படகுக் கூலி, வழிச் செலவு, ஊரில் கங்காணி கொடுத்த முற்பணம்.

அந்தக் காம்பரா வாசலில், கதையில் மூன்றாவது வேலைக்காரன் வாய் திறக்கிற இடம் வருகிறது. ஐந்து தாலந்து வாங்கினவன் பத்தாக்கினான். இரண்டு வாங்கினவன் நாலாக்கினான். ஒன்று வாங்கினவன் மண்ணில் புதைத்து வைத்தான். ஏன் புதைத்தாய் என்றால், நீர் கடினமான மனுஷன், விதைக்காத இடத்தில் அறுக்கிறவர், அதனால் பயந்தேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். நம்முடைய பிரசங்கங்களில் இது சோம்பேறி சொல்லும் சாக்கு. லயத்து வாசலில் இதைக் கேட்டவனுக்குத் துரையைப் பற்றி யாரோ உள்ளதைச் சொல்கிறார்கள் என்றுதான் பட்டிருக்கும். விதைத்தவனும் நட்டவனும் களை பிடுங்கினவனும் அவன்தானே?

கடந்த சில பத்தாண்டுகளில் வேத அறிஞர் சிலர் இந்த மூன்றாவது ஆளையே கதாநாயகன் ஆக்கிவிட்டார்கள். சுரண்டலில் பங்கெடுக்க மறுத்தவனாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒத்துவரவில்லை. புதைத்து வைத்த காசினால் எந்த வீட்டிலும் ஒரு வேளை அரிசி கூடவில்லை. ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. வருடத்துக்கு முந்நூறு நாள் வேலை என்று வைத்தாலும் இருபது வருடத்துச் சம்பளம். தோட்டப் பேச்சில் சொன்னால், ஒரு மனிதன் தன் வாலிபம் முழுவதும் வாங்கிய பேர், அதாவது நாள் சம்பளம், அத்தனையும் ஒரு குழிக்குள் கிடந்தது. எஜமான் கெட்டவன் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரன் என்ன பாவம் செய்தான்? கெட்ட எஜமானுக்குப் பயந்தவன், அந்தப் பயத்தில் மற்ற எல்லாருக்கும் கை மூடினான். அவன் காப்பாற்ற நினைத்தது தன் தோலை.

மாத்தளைக்காரருக்கு இதை விளக்க வேதப் புத்தகம்கூட வேண்டியதில்லை. நகருக்கு வடக்கே சிறிது தூரத்தில் அளுவிகாரை இருக்கிறது. பௌத்தத்தின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது அங்கே என்பது மரபு, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில். அதுவரை பிக்குகள் அதை மனப்பாடமாகக் காத்து வந்தார்கள். படையெடுப்பும் கொடும் பஞ்சமும் வந்து, மனனம் செய்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தபோது, காப்பது என்றால் வெளியே கொடுப்பது என்று புரிந்துகொண்டு ஓலையில் இறக்கினார்கள். ஒப்படைக்கப்பட்டதை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் கிடைத்த மிகப் பழைய பதில் அதுதான். அதைச் சொன்னவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர்.

உக்கிராணத்துவ ஞாயிறு என்று சபைகளில் ஒன்று வருகிறது. நேரம், திறமை, பணம் மூன்றும் ஆண்டவருடையவை, அவற்றைப் பெருக்கிக் கொடுங்கள் என்று சொல்வார்கள். அன்றைக்கும் இந்த ஐந்து தாலந்துதான். அறுப்பின் பண்டிகை வந்தால் பலாக்காயும் வாழைத்தாரும் பூசணியும் மிளகும் பீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு தேங்காய் கடை விலையைப் போலப் பத்து மடங்குக்குப் போகும். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு, சேர்ந்ததும் சபைக்குக் கொடுக்கிற பிடியரிசி வழக்கமும் தமிழ்ச் சபைகளில் உண்டு. இந்தியாவின் வடகிழக்கில் மிசோரம் கிறிஸ்தவர்கள் 1910இல் தொடங்கிய பிடியரிசி, இன்றுவரை ஒரு பெரிய சபையின் ஊழியங்களைத் தாங்கி நிற்கிறது. பணமே புழங்காத வீட்டுப் பெண் தன்னால் ஆனதைக் கொடுக்க வழி கண்டுபிடித்தாள். அவள் முன்னால் நான் வாயைப் பொத்திக்கொள்வேன்.

ஆனாலும் ஒன்றைக் கவனித்தாக வேண்டும். நாம் உக்கிராணத்துவம் என்று பேசும்போதெல்லாம் அரிசி ஒரே பக்கமாகத்தான் போகிறது: லயத்திலிருந்து கோவிலுக்கு. ஏழை விதவையின் இரண்டு காசை எல்லாச் சபையிலும் பிரசங்கிக்கிறோம். அதற்கு முந்திய வசனங்களில், விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்கிற வேதபாரகரை இயேசு திட்டுகிறார்; அந்தத் திட்டின் சூடு ஆறுவதற்குள்தான் அந்த விதவை உண்டியல் அருகே வருகிறாள். பிரசங்கம் பெரும்பாலும் உண்டியல் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இயேசு சொன்ன இன்னொரு உக்கிராணக்காரன் இருக்கிறான். லூக்கா 12ஆம் அதிகாரத்திலும் மத்தேயு 24ஆம் அதிகாரத்தின் கடைசியிலும் வருகிறான். அவனிடம் எஜமான் தாலந்து எதையும் கொடுக்கவில்லை. பெருக்கு என்று சொல்லவும் இல்லை. வீட்டு வேலைக்காரருக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. எஜமான் வர நாளாகும் என்று நினைத்து, மற்ற வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் அடித்து, தான் மட்டும் தின்று குடித்து வெறிக்கத் தொடங்கினால், நினையாத நாளில் எஜமான் வந்து நிற்பான். அதிகம் பெற்றவனிடம் அதிகம் கேட்கப்படும் என்று எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த வாக்கு, லூக்காவில் இந்தக் கதையின் வாலில்தான் தொங்குகிறது. வாலைப் பிடித்துக்கொண்டு கதையை விட்டுவிட்டோம்.

அந்த உக்கிராணக்காரனை யட்டவத்தயில் தெரியாதவர் இல்லை. தலையில் தலைப்பாகை, மேலே கோட்டு, கையில் தடி: கங்காணி.

தோட்டத்தில் அரிசிதான் நிர்வாகத்தின் மையம். அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. தோட்டம் அதை வாங்கி ஆட்களுக்குக் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்தது. அரிசி கொடுக்கிற நாளில் அரிசிக் காம்பரா முன்னால் பெண்கள் கூடையும் சாக்குமாக வரிசையில் நிற்பார்கள். அளக்கிறவன் கையில் ஒரு கொத்து. அதைக் குவித்து அளக்கலாம், தலைதட்டி அளக்கலாம், தட்டுகிற சாக்கில் ஒரு விரல் உள்ளே இறக்கியும் அளக்கலாம். ஒரு தட்டில் போவது ஒரு கைப்பிடி. ஒரு குடும்பத்துக்கு அது ஒரு பிள்ளையின் ராச்சாப்பாடு. அமுக்கிக் குலுக்கி வழிய வழிய அளக்கச் சொன்ன வேதத்தை அறிந்தவர்கள் பங்களாவில் இருந்தார்கள். அளவு நடந்தது அரிசிக் காம்பரா வாசலில்.

கங்காணியை முழுக்க வில்லனாக்குவது எளிது. அவனும் கப்பலில் வந்தவன்தான், பல நேரம் தன் சொந்தச் சாதி சனத்தோடு வந்தவன். சாவுக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் நின்றவனும் அவன்தான். ஆனால் அவனுடைய வருமானம் அமைந்த விதம் அவனைக் கெடுத்தது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் என்று பெரிய கங்காணிக்குப் பென்ஸ் காசு கிடைத்தது. காய்ச்சலில் படுத்தவனை எழுப்பி மலைக்கு அனுப்பினால் கங்காணிக்குக் காசு. படுக்க விட்டால் நஷ்டம். பாதியில் திரும்பி வந்தால் ஆளுக்கு அரைப்பேர். இரக்கம் காட்டினால் கை நட்டப்படும் என்று ஒரு முறையை ஏற்படுத்திவிட்டு, அதை நடத்துகிறவனிடம் உண்மையை எதிர்பார்ப்பது துரைத்தனத்தின் கெட்டிக்காரத்தனம்.

பிறகு துண்டு. ஆள் ஒருவன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவனும் அவன் குடும்பமும் பட்ட கடனைத் துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆட்கள் விடுவிக்கப்படுவார்கள். கடன் கைமாறும், கடனோடு மனிதனும் கைமாறுவான். கைமாறுகிற ஒவ்வொரு தடவையும் தொகை கூடுமே தவிரக் குறையாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழிக்க முடிந்தது. அதற்கு முன் எத்தனை தலைமுறை உபதேசிமார் லூக்கா 16ஆம் அதிகாரத்தை வாசித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அங்கே வேலை போகப் போகிற ஒரு உக்கிராணக்காரன், கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும் நூறு கலம் கோதுமையை எண்பது என்றும் மாற்றி எழுதச் சொல்கிறான். யோக்கியன் இல்லை. தன் நாளைய பாட்டுக்காகத்தான் செய்கிறான். ஆனால் அவன் பேனா போன திசை கீழ்நோக்கி. எஜமான் அவனை மெச்சிக்கொண்டான் என்று வருகிற வரி பிரசங்கிமாருக்கு ஈராயிரம் வருடத் தலைவலி. துண்டின் கீழ் கிடந்தவனுக்கு அதில் தலைவலி இருந்திருக்காது.

கங்காணி முறை போனது. அளக்கிறவர்கள் போகவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டார்கள். அரிசியைப் போல ஆட்களை அளந்தார்கள், தலைதட்டித்தான் அளந்தார்கள். 1973, 74 பஞ்சத்தில் கூப்பன் அரிசி குறைந்தபோது, கிராமத்தில் வயலும் தோட்டமும் உள்ளவன் எதையோ தோண்டித் தின்றான். லயத்தில் இருப்பவனுக்குத் தோண்ட நிலமில்லை. கடையில் வாங்கக் காசில்லை. தோட்டங்களில் மரண வீதம் திடுமென உயர்ந்தது. ஏற்ற வேளையில் சாப்பாடு என்று வேதம் சொல்வது மேலோட்டமாகப் படிக்கிற வரி அல்ல என்று அந்த வருடங்களில் உயிரோடு இருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் நிலத்தின் எஜமானும் மாறினார். 1972இன் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று எல்லை போட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றை நடத்தும் பொறுப்பு மீண்டும் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசுக்குத்தான் சொந்தம். கம்பனிக்கு இருப்பது 53 வருடக் குத்தகை, 2045 ஜூனில் முடிகிறது. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் சில தோட்டங்கள் அரச நிறுவனங்களின் கையிலேயே நின்றுவிட்டன. ஆக, இன்று இந்தப் பெருந்தோட்டங்களை நடத்தும் கம்பனிகளில் நிலத்தைத் தன்னுடையது என்று சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை. எல்லாரும் உக்கிராணக்காரர்.

குத்தகைக்காரன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை றப்பர் மரம் பார்த்தால் தெரியும். 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் அதே வருடம் கம்பஹா அருகே ஹெனரத்கொடைக்கு வந்தன. அங்கிருந்துதான் இந்தத் தீவின் றப்பர் எல்லாம். மரத்தைக் கொத்திக் குதறிப் பால் எடுக்கிற காட்டு முறையை மாற்றி, பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே மரத்தை வருடக்கணக்கில் பால் தரவைக்கும் வழியைச் சிங்கப்பூரில் இருந்த ரிட்லி என்ற தாவரவியலாளர் கண்டுபிடித்தார். பால்வெட்டுகிறவர் இருட்டிலேயே இறங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். கத்தி இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும். ஒரு தடவை சீவுவது தோசைக் கரண்டியின் விளிம்பு அளவு பட்டைதான். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளர்படலம் இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். நின்றால் பட்டை மறுபடி வளரும், சில வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். பட்டுவிட்டால் மரத்தில் முண்டு விழும். அந்த இடம் பிறகு பால் வெட்டுக்கு உதவாது. இன்று வெட்டினால் நாளைக்கு மரத்துக்கு ஓய்வு. நல்ல பால்வெட்டுக்காரர் கையில் ஒரு மரம் பல வருடம் தாங்கும். அதே மரத்தைப் பிடுங்குவதற்கு முந்திய வருடங்களில், இனி இதற்கு நாளை இல்லை என்று தெரிந்து, மேலும் கீழும் ஆழமாக வெட்டி உள்ளதையெல்லாம் வடித்துவிடுவார்கள். மறுநடுகை செய்யப் போகிற மரத்துக்கு அது சரி. மரத்துக்குச் செய்வதை மண்ணுக்கும் மனிதருக்கும் செய்கிற குத்தகைக்காரர்தான் பயப்பட வேண்டியவர்.

மனிதருக்கு எப்படிச் செய்வது என்று கேட்கலாம். சேமலாப நிதியைப் பாருங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. இன்று தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடித்து, நிர்வாகம் தன் பங்கு 12 சேர்த்து, மொத்தம் 20 கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகம் இன்னும் 3 கட்டும். பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் அது கைக்கு வரும். மலையில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவளுக்கு ஆயுளில் ஒரே தடவை கையில் விழுகிற பெருந்தொகை அதுதான். இருபது வருடத்துச் சம்பளம் ஒரு தாலந்து என்று மேலே கணக்குப் பார்த்தோமே, அவளுடைய தாலந்து இதற்குள் கிடக்கிறது. அரச பெருந்தோட்ட நிறுவனங்கள் தொழிலாளருக்குக் கட்டவேண்டிய சேமலாப நிதியும் பணிக்கொடையும் பெருந்தொகையாக நிலுவையில் கிடந்தது பாராளுமன்றம்வரை பேசப்பட்ட விஷயம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும். பிடித்த பணம் அவள் பெயரில் போய்ச் சேர்ந்திருக்காது. ஐந்து தாலந்துக் கதையில் புதைத்தவனாவது தோண்டி எடுத்து, இதோ உம்முடையது என்று கொடுத்தான்.

இந்தப் பக்கத்தில் வேறு மாதிரி நடந்தவர்களும் உண்டு. யேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், பல மதத்தாரும் அங்கே ஒன்றாக உழைத்தார்கள். காணிச் சீர்திருத்தக் குழப்பத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள், நாடற்றவர்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள் பக்கம் அது நின்றது. அவருக்குக் கிடைத்திருந்த படிப்புக்கு அவர் ஒரு நல்ல கல்லூரியின் அதிபராக வசதியாக இருந்திருக்கலாம். அதையும் உக்கிராணத்துவம் என்றே நாம் மெச்சியிருப்போம். 2017இல் அவர் இறந்தபோது மலையகத்துக்கு அவர் விட்டுப்போனது கட்டடம் அல்ல. சம்பளம், குடியுரிமை, நிலம் என்று வாதாடுவதற்கு வேண்டிய எழுத்தும் ஆட்களும்.

இப்போது மத்தேயுவைத் திரும்ப எடுத்து, இந்தத் தடவை ஐந்து தாலந்துக் கதையை மட்டும் பிய்த்து எடுக்காமல், முன்னும் பின்னும் சேர்த்து வாசியுங்கள். 24ஆம் அதிகாரம் முடிகிற இடத்தில் ஏற்ற வேளையில் சாப்பாடு கொடுக்க வேண்டிய உக்கிராணக்காரன். பிறகு பத்துக் கன்னிகைகள். பிறகு தாலந்து. அது முடிந்ததும் நியாயத்தீர்ப்பு: பசியாயிருந்தேன், சாப்பாடு கொடுத்தாயா, கொடுக்கவில்லையா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. பணக் கதைக்கு முன்னாலும் சோறு, பின்னாலும் சோறு. மத்தேயு தெரியாமல் அப்படி அடுக்கினார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வரிசையில் வாசிக்கும்போது இன்னொன்றும் தட்டுப்படுகிறது. தாலந்துக் கதையில் வேலைக்காரர் காரியம் பார்க்கிற காலம் முழுவதும் எஜமான் இல்லை. போய்விட்டான், வெகுகாலம் வரவில்லை. வேலைக்காரர் நடந்துகொண்ட விதம் எல்லாம் அந்த இல்லாமையை நம்பி நடந்தது: பெருக்கினவர்களும் புதைத்தவனும் அவன் தூரத்தில் இருக்கிறான் என்றே எண்ணினார்கள். அடுத்த காட்சியில் மனுஷகுமாரன் சிங்காசனத்தில் உட்கார்ந்து சொல்வது, நான் எங்கும் போகவில்லை என்பதுதான். பசியோடு வரிசையில் நின்றவன் நான். உடுக்க இல்லாமல் நின்றவன் நான். காய்ச்சலில் காம்பராவுக்குள் கிடந்தவன் நான். நல்லவர்களுக்கும் அது தெரியவில்லை, கெட்டவர்களுக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் எப்போது கண்டோம் என்றே கேட்கிறார்கள். இலண்டனில் இருப்பதாக நினைத்த முதலாளி அரிசிக் காம்பரா வாசலில் கூடையோடு நின்றிருக்கிறார். கொத்தைத் தலைதட்டியது அவர் கண்ணெதிரே.

அப்படியென்றால் கணக்கு ஒரு நாள் கேட்கப்படும் என்று சொல்வதே பாதிதான் சரி. கணக்கு அளக்கும்போதே கேட்கப்படுகிறது. கூடையை நீட்டுகிறவர்தான் கேட்கிறார். எனக்கு ஒப்படைக்கப்பட்டது என்று நான் வைத்திருக்கிற எதுவும், படிப்பாகட்டும் பதவியாகட்டும் பத்துப் பேர்ச் காணியாகட்டும், எனக்குக் கீழே ஒருவருடைய சாப்பாடாக ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதை அவருக்குக் கொடுப்பது தருமம் ஆகாது. காணிக்கைகூட ஆகாது. அவருடையதை அவருக்கு அளப்பது, அவ்வளவுதான்.

சபைக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், கோவிலைத் திறந்து கூட்டிப் பூட்டுகிறவர், காணியில் புல் வெட்டுகிறவர், பாடசாலையில் தண்ணீர் சுமக்கிறவர் என்று சபையிடம் மாதச் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, அவர் பெயரில் சேமலாப நிதி கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போன மாதத்துப் பணத்துக்கு இந்த மாதத்துக் கடைசி வேலை நாள் கெடு. அதற்குப் பிந்தினால் தாமதத்துக்கு ஏற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை தண்டம்.